நிரப்பாத பீப்பாய்

சான்செர்
ஜூன் 18

ரெழீஸ்,

பெயருக்கு முன்னால் ‘அன்புள்ள’ போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். கோபம் ஆறியதும் போடுகிறேன்.

உயிரோடுதான் இருக்கிறேன். கேரவனும் முழுசாக இருக்கிறது. புறப்பட்ட அவசரத்தில் வாசல் தூணில் உரசியது உண்மை. ஆனால் சேதம் தூணுக்குத்தான்.

நாற்பது வருஷமாக நீ சொன்னது ஒன்றே ஒன்று. ‘அறுப்பு முடியட்டும், போகலாம்.’ அறுப்பு முடிந்தால் புளிக்கும் தொட்டியை விட்டு நகர முடியாது. அது முடிந்தால் கொடி கவாத்து. அதுவும் முடிந்தால் பனி விழுமோ என்ற பயம். திராட்சைத் தோட்டத்தை நம் பெண் நொயெமிக்கு எழுதிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊர் சுற்ற என்று இந்த வண்டியை வாங்கியும் இரண்டு வருஷம். அது கொட்டகையை விட்டு அசையவில்லை. அதற்குள் நீ காலி பாட்டில்களை அடுக்கி வைத்தாய்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அன்று மதியச் சாப்பாட்டில் நம் பெண் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாளே, “அப்பா, இன்னொரு தடவை என்னைக் கேக்காம குகைக்குள்ள எதையாவது தொட்டேன்னு வை, நான் கெளம்பிடுவேன். ஆத்துக்கு அந்தப் பக்கத் தோட்டத்துல என்னை வேலைக்குக் கூப்பிடறாங்க. விளையாட்டுக்குச் சொல்லல” என்று? நீ பாட்டுக்கு ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாய். உன் கால்சட்டைப் பையில் ஒயின் வைக்கும் குகையின் சாவி துருத்திக்கொண்டு தெரிந்தது. தோட்டம் அவளுடையது, சாவி உன்னுடையது! அன்று சாயங்காலம்தான் பாட்டில்களை இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

இங்கே வசதியாகத்தான் இருக்கிறது. வண்டிக் கண்ணாடியில் கேரவன்காரர்கள் சங்கத்தின் வில்லையை ஒட்டிக்கொண்டால் எந்தத் திராட்சைக்காரர் வீட்டு முற்றத்திலும் ஓர் இரவு நிற்கலாம். காசு வேண்டாம். போனதும் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், மறுநாள் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான். யாரும் யார் வீட்டிலும் ஊன்றிவிடுவதில்லை. நல்ல வழக்கம், உனக்கும் ஆகும்.

நேற்று இந்த வீட்டுக்காரர், “நீங்க என்ன வேலை பாத்தீங்க, மதாம்?” என்று கேட்டார். தபால் நிலையத்தில் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படி வாயில் வந்ததோ! பிறகு கொடியை எப்படிக் கவாத்து செய்வது என்று எனக்கு அரை மணி நேரம் விளக்கினார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். ரொம்ப சுகமாக இருந்தது.

சாவியை நொயெமியிடம் கொடுத்துவிட்டு ரயிலேறு. எந்த ஊராக இருந்தாலும் ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். சாவியோடு மட்டும் வராதே. போனும் பண்ணாதே. போனில் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். கடிதத்தில் கத்த முடியாது. அடுத்து பூர்கோனில் போன் என்றே ஓர் ஊர், அங்கே போகிறேன். அங்கே தபால் நிலையத்தில் என் பெயருக்கு எழுது, எடுத்து வைப்பார்கள்.

ழோசியான்


ரோஷ்வெர்
ஜூன் 26

ழோசியான்,

நானும் போடவில்லை.

தூணைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மார்செலும் பார்த்தான். “பொண்டாட்டி போன வேகத்துல தூணையும் கூடவே இழுத்துட்டுப் போயிருப்பா போலயே” என்றான். ஊர் முழுக்க இதே பேச்சு. ரொட்டிக் கடையில் எனக்கு முழு ரொட்டி கொடுக்காமல் பாதியாக வெட்டிக் கொடுக்கிறார்கள். பரிதாபப்படுகிறார்களாம்.

தபால் நிலையமா? நாலு தலைமுறையாகத் திராட்சை போடுகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒரு சான்செர்க்காரன் கவாத்து பற்றிச் சொல்லிக் கொடுக்க, கேட்டுக்கொண்டு நின்றாயா? எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாடும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்பது வேறு.

நான் எதையும் தொடவில்லை. கொடி வரிசைகளுக்கு நடுவே நடப்பது தொடுவதில் சேராது. காற்றில் ஆடிக்கொண்டிருந்த நாலு தளிரைக் கம்பியில் செருகினேன். அதுவும் தொடுவதில் சேராது. அந்தப் பக்கம் யார் நடந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

சாவி விஷயத்தில் உனக்கும் அவளுக்கும் ஒன்று புரியவில்லை. அது பையில் இருப்பதால் குகைக்குள் போகிறேன் என்று அர்த்தமில்லை. அது பையில் இருக்கிறது, அவ்வளவுதான். என் அப்பா பையில் இருந்தது, இப்போது என் பையில் இருக்கிறது. நொயெமி கேட்டால் கொடுக்கிறேன். ஆனால் அவள் கேட்பதில்லை. காலையில் வந்து, “அப்பா, கதவு” என்பாள். நான் திறந்துவிடுவேன். இதில் என்ன குறை?

நீ ஓட்டும் வண்டியில் உட்கார்ந்து ஊர் சுற்ற எனக்கு இஷ்டமில்லை. காரில் தூர் நகரம் வரைக்கும் போய் வந்தோமே, எனக்கு இரண்டு நாள் கால் வலி.

சூப் பானை எங்கே?

ரெழீஸ்


போன், பூர்கோன்
ஜூலை 7

ரெழீஸ்,

பானை அடுப்புக்குக் கீழே, வலது பக்கம். நாற்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது.

கால் ஏன் வலித்தது என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் உன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாய்.

முந்தாநாள் நின்ற வீட்டில் மருமகள்தான் ஒயின் செய்கிறாள். மாமனாருக்கு எண்பது இருக்கும். முற்றத்தில் என் வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை, முப்பது வண்டி நிறுத்தலாம். அந்த மனிதர் விசில் ஊதிக்கொண்டு வந்து, “வலது, வலது, போதும்! இல்ல, இன்னும் கொஞ்சம் இடது!” என்று கையை ஆட்டி என்னை நடுமுற்றத்தில் நிறுத்தினார். மருமகள் ஜன்னலுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி படுத்தபோதுதான், சிரிப்பதற்கு நான் யார் என்று தோன்றியது.

இந்த ஊர்க் கொடிகளைப் பார்த்தால் நீ வாயடைத்துப் போவாய். ஒரு புல் இல்லை, ஒரு இலை கோணலாக இல்லை. அழகுதான். ஆனால் தலை சீவி, வாயைத் திறக்காதே என்று உட்கார வைத்த பிள்ளைகளைப் போல இருக்கின்றன. நம்முடையது கொஞ்சம் கலைந்து கிடக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஒயின் ருசி பார்க்கும்போது பழக்கத்தில் இரண்டாவது கோப்பையையும் எடுத்து மேசையில் வைத்துவிடுகிறேன். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நொயெமி கேட்காமலே கொடு.

அடுத்தது ழூரா. அர்புவா தபால் நிலையத்துக்கு எழுது.

ழோசியான்


ரோஷ்வெர்
ஜூலை 20

ழோசியான்,

ஒரு விஷயம் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நொயெமிக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவளுக்குத்தான் அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. குளிர்ச்சிக்காகத்தான் குகைக்குள் போனேன், வேறு எண்ணமில்லை. கடைசி வளைவில், பழைய பிழியும் ஆலைக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடிய ஒரு பீப்பாய். இப்படி ஒன்று இருப்பதாக அவள் சொன்னதே இல்லை. விரலால் தட்டினேன். மேலே வெற்றுச் சத்தம். தக்கையைப் பிடுங்கி விளக்கைப் பிடித்துப் பார்த்தால், ஒயின் ஒரு சாண் கீழே இறங்கிக் கிடக்கிறது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருக்கிறது, ஆறிய பாலில் படியுமே, அந்த மாதிரி ஓர் ஆடை.

பீப்பாயில் காற்று புகுந்தால் ஒயின் காடியாகிவிடும் என்பது நம் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். வாரம் தவறாமல் விளிம்பு வரைக்கும் நிரப்ப வேண்டும் என்று நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வேலையில் பாவம் மறந்துபோயிருக்கிறாள்.

கத்தவில்லை. போய்ச் சொல்லிக் காட்டவும் இல்லை. நீ பெருமைப்பட வேண்டும். எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நல்ல வெள்ளை ஒயினை எடுத்து வந்து, அந்த ஆடையைக் கலக்கிவிட்டு, வழிய வழிய நிரப்பினேன். தக்கையை அடித்தேன். பீப்பாயைத் துடைத்து, சாக்கை முன்போலவே போட்டேன்.

சின்ன வயதில் அவள் தூக்கத்தில் உதறித் தள்ளும் போர்வையை எழுந்து போய் இழுத்துவிடுவேனே, அவளுக்குத் தெரியவே தெரியாது. அப்படித்தான் இதுவும். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பானை கிடைத்தது. மூடி எங்கே?

ரெழீஸ்


அர்புவா, ழூரா
ஜூலை 29

ரெழீஸ்,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதத்தைத் தபால் நிலையத்தில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இங்கே செவெரின் என்பவள் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கணீரென்ற குரல். அவளிடமும் தபால் நிலையம் என்றே சொல்லியிருந்தேன். சாயங்காலம் பீப்பாய்களைப் பார்க்க என்னை மேல்மாடிக்கு அழைத்துப் போனாள். ஆமாம், குளிர்ந்த குகை இல்லை, ஓட்டுக்குக் கீழே, வெக்கையில்! விளக்கைப் பிடித்து ஒரு தக்கையைத் திறந்து காட்டினாள். ஒயின் ஒரு சாண் கீழே இருந்தது. மேலே சாம்பல் நிற ஆடை.

வாய் சும்மா இருக்கவில்லை. “ஏங்க, இதை நிரப்பவே மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் விளக்கைத் திருப்பி என் முகத்தில் அடித்தாள். “தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவங்க கேக்கற கேள்வியா இது? எந்த ஊர் ஒயின்காரங்க நீங்க? உண்மையச் சொல்லுங்க!”

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகுதான் விளக்கினாள். அந்த ஆடைதான் இவர்களுக்கு எல்லாமே. ஒயினைக் காற்றிடமிருந்து காப்பாற்றுவதும் அதுதான், வால்நட் பருப்பு மாதிரி ஒரு வாசனையைத் தருவதும் அதுதான். ஆறு வருஷம் முடியும் வரை நிரப்பக் கூடாது, கலக்கக் கூடாது, பீப்பாயை நகர்த்தக்கூடக் கூடாது. “சில வருஷம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறதுதான் பெரிய வேலை மதாம். என் புருஷனுக்கு அது வரல. அவரை டிராக்டருக்கு அனுப்பிட்டேன்” என்றாள்.

கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுத்தாள். ரெழீஸ், அந்த மாதிரி நான் குடித்ததே இல்லை.

பிறகு வண்டிக்கு வந்துதான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

பிடித்து உலுக்கியது மாதிரி இருந்தது. நம் பெண் எதையும் மறக்கவில்லை. போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம் ‘சினேகிதியைப் பார்க்கப் போகிறேன்’ என்று ஒரு வாரம் காணாமல் போனாளே, அவள் இந்தப் பக்கம்தான் வந்திருக்க வேண்டும். சாக்கு போட்டு மூடியது உன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக. அவள் தனக்கென்று செய்த முதல் ஒயின் அது. நீ அதில் உன்னுடையதை ஊற்றி வழிய வழிய நிரப்பியிருக்கிறாய்.

நல்ல எண்ணத்தில்தான் செய்தாய் என்று எனக்குத் தெரியும். போர்வை பற்றி எழுதியிருந்ததைப் படித்து அழுதேன். ஆனால் அவளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. போர்வையை வேண்டுமென்றேதான் உதறியிருக்கிறாள்.

நான் அவளிடம் சொல்ல மாட்டேன். நீ போய்ச் சொல்.

ழோசியான்

மூடி பானைக்குப் பின்னால். அடுத்தது அல்சாஸ், கொல்மார் தபால் நிலையத்துக்கு எழுது.


ரோஷ்வெர்
ஆகஸ்ட் 9

ழோசியான்,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

எப்படிச் சொல்வது? குகைக்குள் எதையாவது தொட்டால் போய்விடுவேன் என்று அவள் சொன்னது உன் காதிலும்தானே விழுந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் போன வாரம் மறுபடியும் வந்துவிட்டுப் போனான். அறுப்பு முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் இன்னும் நாலைந்து வருஷத்துக்கு அந்தத் தக்கையைத் திறக்கப் போவதில்லை. அதற்குள் எனக்கு என்ன ஆகுமோ, யார் கண்டது? திறந்து பார்த்து, சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொள்வாள். முதல் முயற்சி எல்லோருக்கும் சரியாகவா வருகிறது?

இப்படி எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே நன்றாக இல்லை.

நேற்று அவள் கதவைத் திறக்கச் சொல்ல வந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “என்னப்பா, எதையாவது முழுங்கிட்டியா?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

ஆனால் உனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். நேற்று அவள் போன் மேசைமேல் அலறியது. உன் பெயர். “அம்மாதான். தினம் இந்த நேரத்துக்குப் பண்ணுவா. ஜாம் பாட்டிலைக் கொதிக்க வெச்சியா, அறுப்பு ஆளுங்களுக்குப் படுக்கை விரிப்பு எடுத்து வெச்சியா, அந்த நீலச் சட்டை போடாதே... தினம் இதான்” என்றாள்.

தினம்! எனக்குக் கடிதம், அவளுக்குத் தினம் போன். விசில் ஊதிய அந்த மாமனாரைப் பார்த்துச் சிரித்தாயாமே. நீ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து விசில் ஊதிக்கொண்டிருக்கிறாய்!

ரெழீஸ்


கொல்மார், அல்சாஸ்
ஆகஸ்ட் 20

ரெழீஸ்,

இரண்டு நாள் உனக்கு என்னென்னவோ பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நீ சொன்னது சரி. கிளம்பிய முதல் நாள் ராத்திரியே அவளுக்குப் போன் பண்ணினேன். குரலைக் கேட்கலாம் என்று. பிறகு நிறுத்த முடியவில்லை. உன் பையில் சாவி, என் பையில் போன். என்னுடையது கனமில்லாததால் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அந்த ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. நம்பு. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக ஜாம் பற்றிக் கேட்டேன்.

நேற்றிலிருந்து போன் பண்ணவில்லை. இந்த ஊர் ரொம்ப அழகு. வீட்டுக்கு வீடு ஜன்னலில் சிவப்புப் பூ. ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. சாயங்காலம் அந்த நேரம் வந்தால் கை பரபரக்கிறது. போனை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

இப்போது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கொஞ்சம் தெரிகிறது.

ஆனாலும் சொல்லிவிடு. அவள் போனாலும் பரவாயில்லை, சொல்லிவிடு. சொல்லாமல் அவள் இருந்தால், அவள் யாரோடு இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

ழோசியான்


கொல்மார்
செப்டம்பர் 12

ரெழீஸ்,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இதே ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முற்றம். தபால் நிலையத்துக்காரி என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறாள்.

அவள் போய்விட்டாளா? அதையாவது எழுது. நான் போன் பண்ணவில்லை, பண்ணவும் மாட்டேன்.

ழோ.


ரோஷ்வெர்
செப்டம்பர் 27

அன்புள்ள ழோசியான்,

போட்டுவிட்டேன். நீ எப்போது போடுவாயோ தெரியாது.

முதலில் உன் வயிற்றில் பால் வார்க்கிறேன். அவள் இருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

உன் ஆகஸ்ட் கடிதம் வந்த அன்றே மதியச் சாப்பாட்டில் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல் ரொட்டியைப் பார்த்தே சொன்னேன். கடைசி வளைவுப் பீப்பாய், ஆடை, என் வெள்ளை, எல்லாம். கத்துவாள், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

“தெரியும்ப்பா” என்றாள்.

“எப்போலேருந்து?”

“மறுநாள்லேருந்து. ரெண்டு வருஷத் தூசி அந்தப் பீப்பாய் மேல. திங்கக்கிழமை போய்ப் பாத்தா பளபளன்னு மின்னுது. ஊர்ல எந்தத் திருடன் தொடச்சு வெச்சுட்டுப் போவான்? நீதான்.”

“ஏன் கேக்கல?”

“நீ சொல்றியான்னு பாத்துக்கிட்டிருந்தேன். அறுப்பு முடியற வரைக்கும் டைம் குடுத்தேன். சொல்லாம இருந்திருந்தா, பெட்டி தயாரா இருந்துது.”

ழோசியான், அந்தப் பெட்டியை நான் பார்த்தேன். அவள் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். கோபம் இல்லாமல் இல்லை, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் உனக்கு எழுதக் கை ஓடவில்லை, பிறகு அறுப்பு வேலை பிடித்துக்கொண்டது.

பிறகு ஒரு நாள் அவளே, “வா, பிடி” என்று கூப்பிட்டுக் குழாயைக் கொடுத்தாள். ஒரு சாண் இறங்கும் வரைக்கும் ஒயினை வெளியே எடுத்தோம். “ஆடை மறுபடி வருமா?” என்று கேட்டேன். “தெரியாது. நாம தொடாம இருந்தா வரலாம்” என்றாள். நீ தொடாம என்று சொல்லவில்லை. நாம என்றாள்.

பதினேழாம் தேதி சிவப்புத் திராட்சை வரிசையிலிருந்து ஒரு கொத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு பழத்தை வாயில் போட்டு விதையை மென்றேன். இன்னும் மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்று என் நாக்கு சொன்னது. அவள், “நாளைக்கு அறுக்கப்போறேன்” என்றாள். நான் விதையை விழுங்கினேன், கூடவே சொல்ல வந்ததையும் விழுங்கினேன். “ஆளுங்களுக்கு யார் சமைக்கிறது?” என்று மட்டும் கேட்டேன்.

நீ இல்லையே. எனவே நான்தான். சிரிக்காதே. பன்னிரண்டு பேருக்குத் தினம் மதியம் நீள மேசை போட்டுச் சாப்பாடு. முதல் நாள் கேரட் தீய்ந்தது. மூன்றாம் நாள் மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் போட்டுக் காலையிலிருந்து பொறுமையாக வேகவைத்தேன், மணம் முற்றம் வரைக்கும் போயிற்று. நொயெமி தோட்டத்திலிருந்து வந்தாள். நேராக வந்து மூடியைத் திறந்து, ருசி பார்த்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

“என் பானைல கை வைக்காதே!” என்று கத்தினேன். முற்றத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழம்பு உப்புக் கரித்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

நேற்று அறுப்பு முடிந்தது. சாயங்காலம் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைக் குகைக்குள் அழைத்துப் போனாள், இந்த முறை கதவை அவள் திறந்தாள். அந்தப் பீப்பாயில் சாக்கு இல்லை. சுண்ணக்கட்டியால் திறக்க வேண்டிய வருஷத்தை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, ‘அப்பா திறக்க வேண்டும்’ என்று. அப்போது எனக்கு எழுபத்தாறு ஆகியிருக்கும். அதுவரை இருந்தாக வேண்டும் என்று உத்தரவு.

அறுப்புத் தேதியில் அவள் சரியா, நான் சரியா என்று இனி ஒயின்தான் சொல்லும். அவளுக்குப் போன் போட்டுக் கேட்காதே.

கை பழக்கத்தில் அடிக்கடி காலிப் பைக்குள் போய்விட்டுத் திரும்புகிறது. அக்டோபர் ஐந்தாம் தேதி மதிய ரயிலில் கொல்மார் வருகிறேன். தூணைப் பூசிவிட்டேன்.

உன் ரெழீஸ்


கொல்மார்
அக்டோபர் 1

அன்புள்ள ரெழீஸ்,

உன் கடிதத்தைத் தபால் நிலைய வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். உள்ளே இருந்தவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். ஒன்றும் இல்லை, எங்கள் வீட்டில் அறுப்பு முடிந்தது என்றேன்.

ஐந்தாம் தேதி நடைமேடையில் நிற்பேன். கம்பளிச் சட்டை எடுத்து வா, இங்கே காலையில் குளிர்கிறது. படுக்கையில் உனக்கு ஜன்னல் பக்கம். ஓட்டப்போவது நான்தான். உன் பக்கம் பிரேக் கிடையாது. காலை நீட்டி உட்கார்ந்து வெளியே பார். போகும் வழியில் செவெரின் வீட்டில் ஓர் இரவு நிற்கலாம். அவள் கணவரோடு நீ டிராக்டர் பற்றிப் பேசிக்கொண்டிரு.

போனை இன்னும் சர்க்கரை டப்பாவை விட்டு எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதுவும் அவள் கூப்பிட்டால்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். எந்த முற்றத்தில் நிறுத்தினாலும் வீட்டுக்காரர் வந்து, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார். தபால் நிலையம் என்று நான் இனிமேல் சொல்லப் போவதில்லை. நீயும் நாலு தலைமுறைக் கதையை ஆரம்பிக்காதே. எப்படிச் சொல்வது என்று நேற்று ராத்திரி தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

“எங்க பொண்ணு ஒயின் பண்றா.”

உன் ழோசியான்